பின் சீட்டில் மூன்று பேர்

எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழைய கார் இருந்தது. நானும் என் மனைவியின் தங்கை கணவரும் சேர்ந்து வாங்கியது. நகரத்துக்கு வடக்கே, யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் நடக்கும் கார் பந்தயத்தில் ஒருமுறையாவது ஓட்ட வேண்டும் என்பது என் சகலையின் ஆசை. அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மைத்துனி சம்மதித்தாள்.

"அவர முழுசா வீட்டுக்குக் கொண்டு வர்றது உங்க பொறுப்பு அத்தான்" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு இயல்பாகவே எல்லாவற்றுக்கும் பயம். அந்தப் பொறுப்பு வந்ததும் தூக்கமும் போயிற்று.

பந்தயத்துக்காகக் காரின் உயரத்தைக் குறைப்பது சுலபமாக முடிந்தது. பின் ஸ்பிரிங்கில் இருந்த ஐந்து பட்டைகளில் ஒன்றைக் கழற்றினோம். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டினோம். அதற்கேற்ற ஷாக் அப்சார்பரையும், திருப்பத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் முன்சக்கரங்களுக்கிடையே பிடித்து நிற்கும் கம்பியையும் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சர்ச் முடிந்த ஞாயிறுகளில் செம்பாக்கம் ஏரிக்கரை வழியாக மாடம்பாக்கம் வரை ஓட்டிப் பார்ப்போம்.

எங்கள் வீட்டில் கார் காலியாக வாசலைத் தாண்டியதே இல்லை. சோதனை ஓட்டம் என்று சொன்னாலும் மாமியார் பின் சீட்டில் ஏறிக்கொள்வார். அவருக்கு இரு பக்கமும் என் மனைவியும் மைத்துனியும். முன்னால் நாங்கள் இருவர்.

காரிலிருந்த மெத்தென்ற ஷாக்கோடு போனபோது, ஏரிக்கரைப் பள்ளத்தில் வண்டியின் அடிவயிறு தரையில் உரசியது. மாமியார் ஜெபிக்கத் தொடங்கினார். அதனால் ஜீப்புக்குப் போடுகிற கெட்டியான ஷாக்கைப் பொருத்தினோம். அப்படியும் திருப்பத்தில் வண்டி படகுபோலச் சாய்ந்தது. மெல்லிய கம்பியை எடுத்துவிட்டுக் கட்டைவிரலைவிடத் தடித்த ஒன்றைப் போட்டோம். அதன் பிறகு மாடம்பாக்கம் வளைவில் கார் சாயாமல் கச்சிதமாகத் திரும்பியது. மாமியாரே மெச்சினார். எனக்கும் அன்று நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலை ஒத்திகை. அன்று மட்டும் சகலை விடியற்காலையிலேயே காரைத் தனியாகக் கொண்டுபோயிருந்தார்; மற்றவர்கள் பஸ் பிடித்துப் போனோம். ஓடுதளத்திலும் அவர் தனியாகத்தான் ஓட்டினார். முதல் திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தும் கார் நேராகப் போய், ஓரத்தில் தடுப்பாக அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. சக்கரங்கள் தரையில் துள்ளுவதைக் வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்தேன். மைத்துனி என் பக்கம் திரும்பவே இல்லை.

சகலை இறங்கி வந்து, மாடம்பாக்கத்தில் இதே வண்டி எவ்வளவு ஒழுங்காகத் திரும்பியது என்று புலம்பினார்.

"அன்னிக்கு அம்மா பின்னாடி இருந்தாங்க" என்றாள் மைத்துனி, எரிச்சலோடு. "வேணும்னா நாளைக்கும் ஏத்திக்குங்க."

நானும் சகலையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஷாக்கையும் கம்பியையும் நாங்கள் தேர்ந்தெடுத்தது ஐந்து பேரைச் சுமக்கும் காருக்கு. இங்கே காரில் இருப்பதோ ஒற்றை ஆள். பாரம் குறைந்ததும் அவை அளவுக்கு மீறிக் கெட்டியாகி, சக்கரங்கள் தரையைப் பிடிக்காமல் துள்ளியிருக்கின்றன.

பயந்த சுபாவத்தால் பழைய சாமான்களையெல்லாம் ஒரு சாக்கில் போட்டு டிக்கியில் வைத்திருந்தேன். மெல்லிய கம்பியையும் பழைய ஷாக்குகளையும் திரும்ப மாட்டினோம். சகலை வண்டிக்கு அடியில் படுத்து போல்ட் முடுக்கினார். மைத்துனி ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள்.

"நாளைக்கு ஓட்டட்டுமா, வேண்டாமா? நீயே சொல்லு" என்று அடியிலிருந்தபடி கேட்டார்.

"மொதல்ல திருப்பிக் காட்டுங்க."

மாலையில் திருப்பிக் காட்டினார். வண்டி கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் சொன்ன பக்கம் போனது. மூன்று சுற்று பார்த்த பிறகுதான் அவள் தலையசைத்தாள்.

மறுநாள் பதினோரு கார்களில் ஒன்பதாவதாக வந்தார். அவருக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. மாத்திரை போட்டாரா என்று தினமும் போன் செய்து கேட்கிறேன். "போட்டுட்டேன் அண்ணா" என்று அலுத்துக்கொள்கிறார். அந்த அலுப்பைக் கேட்டபின், தேவனுக்கு ஒரு ஸ்தோத்திரமும் மைத்துனியின் எரிச்சலுக்கு ஒரு நன்றியும் சொல்லிவிட்டுப் போனை வைக்கிறேன்.