பாடினால்தான் வரும் எண்

மதியம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் லேண்ட்லைன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகியிருந்தது. யாரையும் கூப்பிடுவதில்லை. அந்த டயல் டோனின் ஒற்றை ஸ்வரம் கேட்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். செம்பூர் முழுக்கத் தெருவுக்கடியில் படுத்திருக்கும் கம்பிகள் எல்லாம் சேர்ந்து தூக்கத்தில் மூச்சுவிடுவது போல இருக்கும் அது. கேட்டால் மனம் சற்று அடங்கும். வைத்துவிட்டு அரிசி களையப் போவேன்.

போன மழைக்காலத்திலிருந்துதான் இப்படி.

அன்று மகள் மாட்டுங்காவில் கல்லூரி முடித்து வந்துகொண்டிருந்தாள். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி சயானில் ரயில் நின்றுவிட்டது. அவள் மொபைலில் சார்ஜ் இல்லை. இங்கே செம்பூரில் கரண்ட் போய், என் மொபைலில் சிக்னலும் விட்டு விட்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரு இல்லை. பழுப்புத் தண்ணீரும், அதில் மிதந்து போன ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலியும்தான். எந்த அவசரமும் இல்லாமல், யாரோ உட்காரக் காத்திருப்பது போலத் திரும்பித் திரும்பிப் போனது. அதை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன்.

அது கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் இருட்டு ஹாலில் ஃபோன் அடித்தது. கரண்டே வேண்டாத பழைய கறுப்பு ஃபோன்.

"அம்மா, நான்தான்."

வேறெதுவும் எனக்குக் காதில் ஏறவில்லை. மற்றதெல்லாம் பிறகு அவள் சொல்லித்தான் தெரிந்தது. சயானில் இறங்கிய கூட்டத்தோடு நடந்து தாராவிக்குள் போய் ஒரு மளிகைக் கடை வாசலில் ஒதுங்கியிருக்கிறாள். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தன் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நம்பர் கேட்டிருக்கிறார். என் மொபைல் எண்ணோ அவள் அப்பா எண்ணோ அவளுக்கு மனப்பாடம் இல்லை. யாருக்குத்தான் இருக்கிறது? வீட்டு எண் ஒன்றுதான் தெரியும். அதுவும் பாட்டாக.

"பாடாம சொல்லு பிள்ள. நான் அமுக்கணும்லா."

"பாடாம வராது அங்கிள்."

"அப்பம் மெதுவாப் பாடு."

அவள் பாடப் பாட, அவர் ஒவ்வொன்றாக அமுக்கியிருக்கிறார். கடையில் ஒதுங்கி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். சொல்லும்போது அவளும் சிரித்தாள். என்னால்தான் இன்னும் சிரிக்க முடியவில்லை.

அந்தப் பாட்டு நான் போட்டது. அவள் பாலர் பள்ளிக்குப் போன நாட்களில், தலை பின்னும்போது அசையாமல் இருக்கட்டும் என்று எட்டு இலக்கங்களையும் ஒரு மெட்டில் கட்டினேன். கடைசி இலக்கத்துக்கு ரிப்பன் முடிச்சு விழும். அவள் வளர்ந்து, எண்ணுவதெல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஆகிவிட்டது. தமிழில் ஒன்று முதல் எண்ணச் சொன்னால் ஆறைத் தாண்டும்போது தடுமாறுவாள். அந்த எட்டு இலக்கங்கள் மட்டும், அந்த வரிசையில் மட்டும், தமிழில் தடையில்லாமல் வரும்.

மழை ஓய்ந்து சில மாதங்களில் இன்டர்நெட் பேச்சு வந்தது. எங்கள் வீட்டில் ஃபோனும் நெட்டும் ஒரே பழைய கம்பெனியின் ஒரே செம்புக் கம்பியில் வந்துகொண்டிருந்தன. கணவர் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்.

"ஏட்டி, மீட்டிங்ல நான் வாயத் தொறந்தபடி உறைஞ்சு நிக்கேன். அங்க உள்ளவன்லாம் சிரிக்கான்."

"நெட்ட மாத்துங்க. நம்பர மாத்தாதீங்க."

"நம்பருக்கு என்ன? மொபைல் நம்பரத் தூக்கிட்டு எத்தன கம்பெனி மாறியிருக்கோம். இதையும் தூக்கிட்டுப் போயிருவோம்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் பில்டிங்கில் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். புதுக் கம்பெனிக்காரர்கள் ஜன்னல் வழியாக ஒரு மெல்லிய ஃபைபர் ஒயரை இழுத்து வந்தார்கள். கணவர் பழைய கம்பெனிக்குப் பேசி, நெட் வேண்டாம், கனெக்‌ஷனை மூடிவிடுங்கள் என்று சொன்னார். மூடிவிட்டார்கள்.

ஒரு மதியம் ரிசீவரை எடுத்தேன். ஒன்றும் இல்லை. கிணற்றுக்குள் காது வைத்தது போல ஒரு வெறுமை. வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். புதுக் கம்பெனிக்காரர்கள் சொன்ன பிறகுதான் விளங்கியது: அவர்கள் இலவசமாக ஒரு லேண்ட்லைன் தருவார்கள், ஆனால் அது வேறு எண்.

மறுநாள் பழைய கம்பெனியின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைகாட்டி உட்காரச் சொன்னார். நான் முழுவதும் சொல்லி முடித்ததும், "நம்பர் ஹமாரா ஹை மேடம், ஆப்கா நஹீ" என்றார். எண் எங்களுடையது, உங்களுடையது அல்ல என்கிறார். குரலில் கடுமை இல்லை. வீட்டு எண்ணை மொபைல் எண் போல இன்னொரு கம்பெனிக்கு எடுத்துப் போக முடியாதாம். முதலிலேயே நெட்டை மட்டும் கழற்றி, பேசுவதற்கு மட்டுமான சின்ன பிளானுக்கு ஃபோனை மாற்றியிருந்தால், எண்ணும் இருந்திருக்கும், புது நெட்டும் வந்திருக்கும்.

"அந்த நம்பரை யாருக்காவது குடுத்துட்டீங்களா?" என்று இந்தியில் கேட்டேன்.

இன்னும் இல்லை, கொஞ்ச காலம் சும்மா வைத்திருப்போம் என்றார். அதை எங்களுக்கே திருப்பித் தர முடியுமா என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

அவர் சொல்லும்வரை இருந்த நாட்களை நான் எங்கே கழித்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பஸ்ஸில் போகும்போதும் அந்த எண் வெளியே எங்கோ நனைந்துகொண்டு நிற்பது போல இருந்தது. காட்கோபரிலோ வேறெங்கோ, தெரியாத ஒரு வீட்டு ஹாலில் அது குடியேறுவதைப் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் நின்று என் மகள் பாடுகிறாள். தெரியாத ஒருவர் எடுத்து, ராங் நம்பர் என்று வைத்துவிடுகிறார். அவளுக்கு வேறு பாட்டுத் தெரியாது.

எண் கிடைத்தது. ஆனால் செம்புக் கம்பியை இனி போட மாட்டார்களாம். அவர்களுடைய ஃபைபரில், பேச மட்டும், எல்லாவற்றிலும் சின்ன பிளான். நெட் புதுக் கம்பெனியிடம், ஃபோன் பழைய கம்பெனியிடம். வீட்டுக்குள் இரண்டு ஒயர்.

"யாரும் பேசாத ஃபோனுக்கு மாசாமாசம் துட்டா?" என்றார் கணவர்.

"நாம மூணு பேரும் மாட்டுங்கா போய் ஒரு தரம் மசால் தோசை சாப்பிடுற செலவு."

"அப்பம் தோசைய நிறுத்தணுமா?"

"எனக்கு வாங்காதீங்க. போதும்."

அவர் சிரிக்கவில்லை. அந்த மழை நாளில் அவரும்தான் எங்கோ ஒரு மேம்பாலத்தில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தவர். "ஃபைபர் ஃபோனுக்கு வைக்கிற பாக்ஸு கரண்ட் போனா செத்துரும்லா" என்றார். "சின்ன பேட்டரி ஒண்ணு வாங்கி மாட்டிருவோம்."

மாட்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளிடம், கீழே போய் நம் எண்ணைக் கூப்பிடு என்றேன்.

"அம்மா, பஸ் கரோ, போதும். நம்பர் சேவ் பண்ணியிருக்கு. இங்கேருந்தே பண்றேன்."

"உன் ஃபோன் வேண்டாம். வாட்ச்மேன் ஃபோன்ல பண்ணு."

"அவர் முன்னாடி நான் பாட மாட்டேன்."

"மனசுக்குள்ள பாடு."

செருப்பைத் தேய்த்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். மின்விசிறி ஒவ்வொரு சுற்றாக மறந்து நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு முறை குலுங்கி அடங்கியது. மூலையில் பாக்ஸின் பச்சை விளக்கு மட்டும் அணையவில்லை. கீழே வாட்ச்மேன் ஏதோ கேட்பதும், அவள் வேண்டா வெறுப்பாக, ஆனால் மெட்டு தப்பாமல், பாடுவதும் ஜன்னல் வழியாக மெல்லக் கேட்டன. கடைசி இலக்கம் வரை கேட்டேன். என் விரல்கள் இல்லாத ரிப்பனை இறுக்கின.

ஃபோன் அடித்தது. பழைய ஒலி இல்லை, கொஞ்சம் மெலிந்த ஒலி. இருட்டு ஹால் இல்லை, ஜன்னல் முழுக்க வெயில். அது அடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மா, எடு" என்று கீழிருந்து கத்தினாள்.

எடுத்தேன்.

"நான்தான்" என்றாள். "வேற யாரு பாடுவா?"