இருட்டில் சிக்கிய தூண்டில்

கூட்டம் என்றால் எனக்குக் கூச்சம். அண்ணனின் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக்கூட நான் போகவில்லை. அவர் அதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டார். இருவரும் மைசூரிலேயே இருந்தும் இரண்டு வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

போன கோடையில் தங்கையின் கணவர், இரவில் மீன் பிடிக்கலாம் என்று எங்கள் இருவரையும் தனித்தனியே அழைத்துக் காவிரிக் கரையில் சேர்த்துவிட்டார். அவர் நடுவில் உட்கார, ஆளுக்கொரு பக்கமாகத் தூண்டில் போட்டோம்.

திடீரென்று என் தூண்டில் வளைந்தது. பலமாக இழுத்தேன். அந்தப் பக்கம் அண்ணன், "மாப்ளே, பெரிய மீனு! விடமாட்டேங்குது!" என்று கத்தினார்.

மாப்பிள்ளை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மீனுமில்ல, ஒண்ணுமில்ல மச்சான். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் இழுத்துட்டு இருக்கீங்க!"

இரண்டு தூண்டில்களின் நைலான் நரம்புகளும் ஒன்றோடொன்று சிக்கியிருந்தன. அண்ணன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஸ்வல்ப, கொஞ்சம் டார்ச்சைக் கிட்ட காட்டுடா" என்றார், வழக்கம்போலக் கன்னடம் கலந்து.

மாப்பிள்ளையிடமிருந்து டார்ச்சை வாங்கிக் காட்டினேன். அவர் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். வெகுநேரம் ஆனது.

இரை நறுக்க மாப்பிள்ளை கொண்டுவந்த பிளேடு எங்கள் இருவர் கைக்கும் எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அறுத்துவிட்டு வேறு நரம்பு கட்டியிருக்கலாம். அது அவருக்கும் தெரியும். இருவருமே அதை எடுக்கவில்லை.