மாடு இறங்கியது, தண்ணீர் ஏறவில்லை

உடம்பு ஓர் அடுப்பு என்றுதான் வெகுநாள் நம்பியிருந்தேன். உள்ளே சர்க்கரை எரியும். அந்தச் சூட்டில் உடம்புக்கு வேண்டியதெல்லாம் தானாக உருவாகிவிடும். வைத்தியக் கல்லூரியின் வாய்மொழித் தேர்வில் இதையே ஒப்பித்துத் தோற்றேன். இன்னொரு தடவை தோற்றால் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா பூந்தமல்லியிலிருந்து சொல்லியனுப்பினார்.

மறுதேர்வுக்குப் படிக்கத் திருமுல்லைவாயிலில் அக்கா வீட்டுக்குப் போனேன். வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டாத காலம். ஆவடிப் பக்கம் பட்டாள லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. படித்தேன் என்பதைவிட நடுங்கினேன் என்பதே சரி. மூளைக்கு எரிபொருள் என்று அக்காவின் வெல்லப் பானையைக் காலி செய்ததுதான் மிச்சம்.

என் நடுக்கத்தைப் பார்க்கச் சகிக்காமல் அக்கா கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், என்னைக் கமலை ஓட்ட அனுப்பினார். மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட்டு, தோல் சால் கிணற்றிலிருந்து நீரோடு மேலே வரும். படிக்கிற பிள்ளை என்று எங்கள் வீட்டில் என்னை மாட்டருகே விட்டதே இல்லை. ஓட்டினேன். மாடுகள் ஜோராக இறங்கின. சால் வரவில்லை. மறுபடி ஓட்டினேன். ஊஹூம். "ஐயோ, கெணறு வத்திப்போச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள்.

மாமா கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நுகத்தடியைப் பார்த்தார்.

"இன்னா மச்சான், மாட்டை உலாத்த இட்டுகினு போறியா? வடத்தை மாட்டவே இல்லியே!"

"மாடு நல்லாத்தானே எறங்கிச்சு மாமா?"

"அது எறங்கும். சாலு எதுக்கு ஏறணும்? டாக்டராம்! ஊசி குத்தறதுக்கு முன்னாடி உள்ள மருந்து கீதான்னாவது பாரு நைனா."

மாலையில் புத்தகத்தைப் பிரித்தபோதுதான் உறைத்தது. உயிரணுவுக்குள் ஏ.டி.பி. என்ற பொருள் தன்னிடமுள்ள பாஸ்பேட்டை உதறி உடைவது இறக்கத்து வேலை. சர்க்கரையில் பாஸ்பேட் ஏறுவது மேட்டு வேலை, தானாக நடக்காது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் சூடுதான் மிஞ்சும். ஏ.டி.பி. தன் பாஸ்பேட்டை வீணே உதறாமல் நேராகச் சர்க்கரையிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஒரு நொதி வேண்டும். அப்போதுதான் இறக்கம் மேட்டை இழுக்கும். இத்தனை நாள் நான் பதறியதும் வடமில்லாத ஓட்டம்தான். உடம்பு சூடானது, பாடம் ஏறவில்லை.

தேர்வில் அதே பரீட்சகர். "சர்க்கரையில் பாஸ்பேட் ஏற, ஏ.டி.பி. பக்கத்தில் உடைந்தால் போதாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆங்கிலம் ஓடியே போய்விட்டது.

"வடம் மாட்டணும் சார்" என்று தமிழில் உளறினேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எந்த வடம்?"

"பாஸ்பேட் சார். நேரா சர்க்கரைக்குக் கைமாறணும்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். நான் தேறிவிட்டேன்.