மிஹ்லார் சேர் படித்த பாடங்கள்

மிஹ்லார் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் அல்ல. ஆனாலும் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் அவர் மிஹ்லார் சேர்தான். வயது ஐம்பத்திரண்டு. தலைமயிருக்குச் சாயம், கழுத்துப்பட்டி, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கும் விரல். கழுத்துப்பட்டியோடு மீன் சந்தைக்குப் போய் சூரைமீன் வெட்டுவித்துக்கொண்டு வருகிறவர் சாய்ந்தமருதில் அவர் ஒருவர்தான்.

தான் தோற்றுப்போன கதையைச் சொல்வதே அவருடைய தொழில். பரீட்சை எழுதப்போகும் மாணவர்களுக்கும் வியாபாரச் சங்கங்களுக்கும் மகளிர் அமைப்புகளுக்கும் சொல்வார். பதாகையில் அவருடைய படத்துக்குக் கீழே 'வரலாற்றைப் படி, வெற்றியைப் பிடி' என்று இருக்கும். அந்த வரியை யோசித்துக் கண்டுபிடிக்க மூன்று நாள் எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மூன்று நாள் எடுத்திருக்கும்.

அவர் மருதமுனையில் பிறந்தவர். இரண்டாயிரமாம் ஆண்டு, சாய்ந்தமருது அப்துல் ஸமடின் ஒரே மகள் நதீராவைக் கல்யாணம் செய்து, எங்கள் வழக்கப்படி பெண்வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வரும்போது இரண்டு சூட்கேஸ் கொண்டுவந்தார். ஒன்றில் உடுப்பு இருந்தது. மற்றதில் சான்றிதழ்கள்.

அவருக்காகக் காத்திருந்தவை அதிகம். நான்கு அறையும் முன்மண்டபமும் உள்ள கல்வீடு, வரிப்பத்தான்சேனையில் ஆறு ஏக்கர் வயல், நதீராவின் கழுத்திலும் கையிலும் கிடந்த நகை. வயலையும் வீட்டையும் அப்துல் ஸமட் நிக்காஹுக்கு முந்திய கிழமையே மகளின் பெயருக்கு எழுதினார். காணி உறுதிப் பத்திரம் எழுதிய நொத்தாரிசு, சாகும்வரை அந்த வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்க்கவா, சீவிய உரித்து என்று போடுவார்கள், என்று கேட்டார். அப்துல் ஸமட் கையை அசைத்தார்.

"வேணாம். மருமகன் என்ன நினைப்பாரு."

எங்கள் ஊர் வாப்பாமார் எல்லோரும் இப்படித்தான். சுவர் எழுப்பப் பாதி ஆயுளைக் கொடுப்பார்கள். அதற்குள்ளே தனக்கு ஒரு கட்டில் போட இடம் கேட்க வெட்கப்படுவார்கள். அந்த வெட்கத்துக்குப் பெருந்தன்மை என்று பெயர் வைத்து, கல்யாண வீட்டில் நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லியும் கொள்வார்கள்.

மிஹ்லார் சில வருடங்கள் ஒன்றும் செய்யவில்லை. சுனாமி வந்தபோதும் ஒன்றும் செய்யவில்லை. வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்தது, தண்ணீர் அதுவரை வரவில்லை. இன்றைக்கு மேடையில் சுனாமியைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரல் உடையும். அன்று காலை அவர் நித்திரையில் இருந்தார்.

பிறகு வியாபாரம் செய்யத் தீர்மானித்தார். மற்றவர்களைப் போல கண்ணை மூடிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றார். சென்ற நோன்புப் பெருநாளைக்கு எந்தக் கடையில் எந்தச் சாமான் முதலில் முடிந்தது என்று கடை கடையாகக் கேட்டுக் கொப்பியில் எழுதினார். கைப்பக்கம் கல் பதித்த அபாயா அங்கி என்று தெரியவந்தது. நதீராவின் நகை நானூறு அபாயாவாக மாறியது. நானூறும் முன்மண்டபத்தில் கூரை வரைக்கும் அடுக்கப்பட்டன. மண்டபம் போதவில்லை. மண்டபத்துக்குப் பக்கத்து அறையில் அப்துல் ஸமட் படுத்திருந்தார்.

"மாமா, பெருநாள் முடியிற மட்டும் பின்னுக்கு இருங்களன். காத்தும் வரும்," என்றார் மிஹ்லார்.

பின்னுக்கு என்றால் குசினிச் சுவரோடு சாய்த்துக் கட்டிய, கூரைக்குத் தகரச் சீற் போட்ட அறை. தேங்காயும் விறகும் போடுவதற்குக் கட்டியது. காற்று வந்ததில்லை.

அந்தப் பெருநாளைக்குக் குமருப் பிள்ளைகள் கல் இல்லாத அபாயா கேட்டார்கள். கல் பதித்தது போன வருடத்து உடுப்பு என்றார்கள். மிஹ்லாருக்கு இது அநியாயமாகப் பட்டது. கொப்பியைத் திறந்து ஒருத்திக்குக் காட்டவும் செய்தார். அபாயாக்கள் மண்டபத்திலேயே கிடந்தன. நதீரா ஒன்று கிழிய ஒன்றாக உடுத்தாள், கிட்டத்தட்ட பதினைந்து வருடம். பெருநாள் முடிந்தும் அப்துல் ஸமட் முன்னுக்கு வரவில்லை. வாங்க என்று யாரும் சொல்லவில்லை. நதீராவும் சொல்லவில்லை. மூன்று வேளையும் தட்டத்தில் சோறு போட்டுப் பின்னுக்குக் கொண்டுபோனாள், அவ்வளவுதான்.

இரண்டாவதாகப் போனது வயல். அதை மீராமுகைதீன் என்பவர் குத்தகைக்குச் செய்துவந்தார். ஒரு மாரியில் வெள்ளம் வந்து சுற்றுவட்டாரத்தில் இளம்பயிர் அழுகிப் போனது. மிஹ்லார் மறுபடி கொப்பியைத் திறந்தார். வெள்ளம் வந்த திகதியைக் குறித்தார். அடுத்த போகம் வயலைத் தானே செய்வதாகச் சொல்லி மீராமுகைதீனை நிறுத்தினார். விதைப்புத் திகதியை விவசாயிகள் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து தீர்மானிப்பார்கள். அந்தத் திகதிக்கு ஊர் விதைத்தது. மிஹ்லார் விதைக்கவில்லை. வெள்ளம் வந்து போகட்டும் என்று வரம்பில் குடை பிடித்து நின்றார்.

மீராமுகைதீன் அந்தப் பக்கமாகப் போகும்போது சைக்கிளை நிறுத்தினார்.

"தம்பி, வாய்க்கால்ல தண்ணி உங்களுக்கெண்டு தனியா வராது. கூட்டத்தில சொன்ன திகதிக்கு விதைங்க."

"போன வருசம் என்ன நடந்த எண்டு மறந்திட்டீங்களா காக்கா?"

"போன வருசம் முடிஞ்சிட்டு."

மிஹ்லார் சிரித்தார். படிக்காத மனிதனிடம் வேறென்ன எதிர்பார்க்கலாம் என்ற சிரிப்பு. அந்த வருடம் வெள்ளம் வரவில்லை. ஒரு மாதம் பிந்தி விதைத்த பயிர் பால் பிடிக்கும் நேரத்தில், மற்றவர்களின் கதிர் முற்றிவிட்டது என்று வாய்க்காலை மூடிவிட்டார்கள். ஆறு ஏக்கரிலும் மாடு மேய்ந்தது. அடுத்த வருடம் வயலை விற்றார். எதற்கு விற்றார் என்பதற்கு அவரிடம் ஒரு விளக்கம் உண்டு. கேட்டவர்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் இல்லை. அதே வருடம் மேற்கிலிருந்து சூடான கச்சான் காற்று அடித்த ஒரு மத்தியானம், சீற்றின் கீழே வெக்கையில் அப்துல் ஸமட் மூச்சடங்கி மவுத்தானார்.

பிறகுதான் மிஹ்லார் முன்னேறினார். ஒரு இளைஞர் கழகத்தில் பேச வரவேண்டியவர் வரவில்லை. கதிரை நிறைய ஆட்கள் இருந்தார்கள், நல்ல சட்டையோடு மிஹ்லார் இருந்தார். ஏறச் சொன்னார்கள். அபாயாக் கதையைச் சொன்னார். சிரித்தார்கள். வயல் கதையைச் சொன்னார். கை தட்டினார்கள். 'நான் இழந்தேன், நான் படித்தேன்' என்று முடித்தார். எழுந்து நின்று தட்டினார்கள். போன வருடத்துச் சரக்கையே ஒவ்வொரு வருடமும் விற்கக்கூடிய வியாபாரம் கடைசியில் அவருக்குக் கிடைத்துவிட்டது. கொழும்பில் ஒரு மண்டபத்தில் ஐம்பது பேரோடு வரிசையில் நின்று ஒரு பட்டமும் வாங்கிவந்தார். அந்தக் கதைகளில் நதீரா என்ற பெயர் இல்லை. மீராமுகைதீன் இருக்கிறார், பிந்தி விதைக்கச் சொன்ன படிக்காத குத்தகைக்காரராக.

மிச்சம் இருந்தது வீடு.

சென்ற வருடம் மகள் றுஸ்தாவுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை றினாஸ், மருதமுனையில் வாத்தியார். வீடு வழக்கம்போல றுஸ்தாவுக்கு எழுதப்படவேண்டும். மிஹ்லாருக்கு வேறு யோசனை இருந்தது. மேல்மாடி எழுப்பி அகடமி தொடங்கவேண்டும், அதற்கு உறுதி தன் பெயரில் இருக்கவேண்டும். ஒருநாள் காலை இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டு தொடங்கினார்.

"நதீரா, உன்ட வாப்பா உட்ட பிழை என்ன?"

நதீரா குசினி வாசலில் குந்தியிருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "என்ன பிழை?"

"வீட்டப் புள்ளைக்கு எழுதினாரு. கடைசியில எங்க கிடந்து மவுத்தானாரு?"

"பின்னுக்கு."

"அப்ப நாம என்ன படிக்கணும்?"

அவள் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். வகுப்பில் நிற்பவர்போல அவர் பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு தானே சொன்னார்.

"றுஸ்தாக்கு எழுதப்படாது. என்ட பேருக்கு எழுது. மேல அகடமி, கீழ அவங்க இருக்கட்டும். நான் இருக்க உன்ன ஆரு பின்னுக்கு அனுப்புற?"

"வாப்பாவ ஆரு அனுப்பின?"

"அது அபாயாக்கு இடம் காணாம. நீ கதைய மாத்தாத. திங்கக்கிழமை நொத்தாரிசிட்டப் போவம். என்ன?"

"ஓம்," என்றாள் நதீரா.

இருபத்து நாலு வருடமாக அந்த ஓமை அவர் சம்மதமாகவே எடுத்து வந்திருக்கிறார். அது சம்மதமாகவும்தான் இருந்திருக்கிறது. அதில் நதீராவுக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. நகைக்கும் ஓம், வயலுக்கும் ஓம். இதற்கும் அதே வாய்தான் சொன்னது.

அவர் எழும்பிப் போனதும் அறைக்குள் இருந்து றுஸ்தா வந்தாள்.

"உம்மா, வாப்பாக்கு எழுதினா றினாஸ்ட ஊட்டால கதைப்பாங்க. கல்யாணம் நிண்டுரும்."

"உன்ட கல்யாணத்த உடு. எனக்கு முன்னுக்குப் படுக்க ஒரு அற வேணும். அதத்தான் யோசிக்கன்."

ஞாயிற்றுக்கிழமை காலை கல்முனையில் ஒரு மண்டபத்தில் மிஹ்லாருடைய கூட்டம். நதீரா ஒருநாளும் அவர் பேசிக் கேட்டதில்லை. வீட்டில் கேட்பதே போதும் என்று இருந்தாள். அன்று போனாள். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், கல் உதிர்ந்த அபாயா ஒன்றை உடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அபாயாக் கதைக்கு மண்டபம் சிரித்தது. வயல் கதைக்குத் தட்டியது. பிறகு அவர் புதிதாக ஒன்று சொன்னார்.

"என்னுடைய மாமனார் இருந்தார். நல்ல மனிதர், வரலாறு தெரியாத மனிதர். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு சீற்றுக் கொட்டிலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். எத்தனையோ தடவை உள்ளே வாருங்கள் மாமா என்று கூப்பிட்டேன். வரவில்லை."

குரல் உடைந்தது. சுனாமிக்கு உடையும் அதே இடத்தில்.

பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்தாள். "பாவம்கா. என்னெல்லாம் பட்டிருக்காரு மனிசன். எப்பிடித்தான் தாங்கினாரோ."

"சோறு திண்டுதான்," என்றாள் நதீரா.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு கதிரை தள்ளி உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை நொத்தாரிசின் கந்தோருக்கு மிஹ்லார் கழுத்துப்பட்டியோடு வந்தார். பழைய நொத்தாரிசு இல்லை, அவருடைய மகள் நப்லா இருந்தாள். சேரைக் கண்டதும் எழும்பி நின்றாள். பழைய உறுதியை விரித்து, என்ன மாதிரி எழுதவேண்டும் என்று கேட்டாள். மிஹ்லார் வாயைத் திறக்குமுன் நதீரா சொன்னாள்.

"மகள் றுஸ்தாட பேருக்கு."

"என்ன கதைக்காய் நீ?" என்றார் மிஹ்லார்.

"சீவிய உரித்து எனக்கு. வாப்பாட உறுதியில அந்த வரி இல்ல. அவர் உட்ட பிழை அதுதான். புள்ளைக்கு எழுதினது பிழை இல்ல."

நப்லா எழுதிக்கொண்டாள். "உரித்து ரெண்டு பேருக்கும் சேத்துப் போடவா மாமி?"

"எனக்கு மட்டும்."

மிஹ்லார் தொண்டையைச் செருமினார். "நப்லா, இது குடும்பத்தில இன்னும் கதைச்சு முடியாத விசயம்."

"வீடு மாமிட பேர்ல இருக்கு சேர். அவங்க சொல்றபடிதான் எழுத ஏலும்." அவள் மரியாதையோடுதான் சொன்னாள். "நேத்துக் கூட்டத்துக்கு நானும் வந்த. பெரியாக்கள் உட்ட பிழையத் திரும்ப உடப்படாது எண்டு நல்லாச் சொன்னீங்க. கேட்டு நடக்கிற ஆள இண்டைக்குத்தான் பாக்கன்."

அவள் பகிடி விடவில்லை, மெய்யாகவே சொன்னாள். அதுதான் மிஹ்லாருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். கந்தோர் எழுதுவினைஞர் ஒருவர் இருந்தார். மற்ற ஒப்பத்தைச் சேர் போடலாமே என்றாள் நப்லா. மறுத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். இவள் என்ன நினைப்பாள் என்று யோசித்தார். பேனையை வாங்கி, பட்டத்தையும் சேர்த்து ஒப்பமிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து, பெண்சாதிக்கு உரித்துள்ள அறையில் மானமுள்ள ஆம்பிளை படுக்க மாட்டான் என்று சத்தமாக அறிவித்தார். தலையணையையும் ஒரு பாயையும் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போனார். மூன்று நாளில் வந்து கூப்பிடுவாள் என்பது அவருடைய கணக்கு. முன்பு அப்படித்தான் நடந்திருக்கிறது. நாலாம் நாள் றுஸ்தா வந்து, வாப்பா கட்டில் வேணுமா என்று கேட்டாள். கல்யாணத்துக்கு வீடு வெள்ளையடித்தபோது அவருடைய பதாகைகளையும் கொப்பிகளையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தார்கள். றினாஸ் வந்து சேர்ந்த பிறகு, முன்னறைக்குப் பக்கத்து அறை அவனுடைய புத்தகங்களுக்கு என்று ஆகிவிட்டது. முன்னறை நதீராவுடையது. அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுக்கிறாள்.

மிஹ்லார் இப்போது எளிமையைப் பற்றிப் பேசுகிறார். பெரிய வீட்டை விட்டுச் சிறிய அறைக்குத் தானாகவே போன ஒரு மனிதனின் கதை. நல்ல வரவேற்பு என்று கேள்வி. ஒலுவிலில் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள்.

நதீரா பின்னுக்குத் தட்டம் கொண்டுபோவதில்லை. பசித்தால் அவரே குசினிக்கு வந்து போட்டுக்கொண்டு போகிறார்.