பதினோரு கட்டடத்துப் பூமாரி

மூன்றாவது வரிசை, இடது ஓரம், தூணை ஒட்டிய நாற்காலி. அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் பூமாரி சண்டை போட மாட்டாள். பக்கத்தில் நின்று இருமுவாள். சாதாரண இருமல் இல்லை. மூட்டைப்பூச்சிகூடக் குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்துவிடும். நாற்காலி கிடைத்ததும் முந்தானையைத் தலைமேல் இழுத்துப் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்துத் தலையாட்டத் தொடங்குவாள். மேடைக்கு இன்னும் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

"கழுத்தப் பழக்கிக்கிட வேண்டாமா மாமி? பொசுக்குனு ஆட்டுனா சுளுக்கிரும்லா" என்பாள் என்னிடம்.

கூட்டத்தில் உட்காருவது அவள் தொழில்.

செம்பூருக்கும் சுனாபட்டிக்கும் நடுவே எங்கேயோ, குடிசைகளை எடுத்துவிட்டு அரசாங்கம் கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. கட்டடத்துக்கு ஒரு குடியிருப்போர் சங்கம். வாயில் வருவது 'சொசைட்டி'. இந்தச் சொசைட்டிகளுக்கு வார்டு ஆபீஸ் வருஷா வருஷம் மானியம் தருகிறது. எந்த வார்டு என்று கேட்காதீர்கள், இந்த வயதில் எனக்குக் கோர்ட்டுப் படி ஏற முடியாது. பம்பு, சாக்கடை, விளக்கு, எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். ஒரே நிபந்தனை, எதற்கு என்பதை ஜனங்களே கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு பெண் கட்டாயம் வந்திருக்க வேண்டும். அதற்குப் போட்டோ சாட்சி.

நல்ல யோசனைதான். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். அந்தப் பெண்கள் பகலில் எங்கே இருப்பார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அவர்கள் மாட்டுங்காவில் பிறத்தியார் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். தாராவிப் பட்டறையில் பெல்ட்டுக்குத் துளை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே கூட்டத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும். ஆள் வேண்டுமென்றால் பூமாரி.

பத்துக் கட்டடத்துக்கு அவள் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் ஓரிடம், மதியம் ஓரிடம் என்றால் பையில் மாற்றுப் புடவை இருக்கும். மாடிப்படி மறைவில் அவள் புடவை மாற்றும் வேகத்தை நாடகக் கம்பெனிக்காரன் பார்த்திருந்தால் காலில் விழுந்திருப்பான். எங்கள் வீட்டில் வேலை செய்யும் விஜயராணிதான் எனக்கு அவளை அறிமுகம் செய்துவைத்தது. விஜயராணியும் லீவு நாளில் உட்காரப் போவாள். அந்த வித்தையில் பூமாரியின் தயாரிப்பு.

"சும்மா பொம்பளைய உக்காந்திருந்தா அது கூட்டமா மாமி? எவளாவது ஒருத்தி எந்திச்சி, தண்ணி ஏன் கலங்கலா வருதுன்னு கேக்கணும். ஒரு பிள்ள அழணும். அப்பத்தான் நெசம் மாதிரி இருக்கும்" என்பாள் பூமாரி.

பிள்ளை அழுவதற்காகவே ஒரு தடவை பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு கைக்குழந்தையை இரவல் வாங்கிப் போயிருக்கிறாள். கிள்ளியும் பார்த்தாளாம். அது ஆபீசரைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்துத் தொலைத்தது. "வெளங்காத பிள்ள" என்று இன்றுவரை வைகிறாள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. வழியில் எதிர்ப்பட்டால் பூமாரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

கூட்டத்தில் கொடுக்கும் டீயைக் குடிப்பாள். பிஸ்கட்டைத் தின்ன மாட்டாள். இடுப்பில் செருகிக்கொண்டு தன் கட்டடத்துக்குப் போய் ஒன்பது மாடி ஏறுவாள். மேலே அவள் புருஷன் பிரம்மநாயகம் இருக்கிறார். இந்த ஊரின் உயரமான கட்டடங்களுக்கெல்லாம் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடித்த மனிதர். பருந்தெல்லாம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுமாம். அப்படித்தான் அவர் சொல்கிறார், நான் நம்புகிறேன். கடைசியில் விழுந்தது ஒரு கடை வாசலில், ஏணியிலிருந்து. இடுப்பெலும்பு போயிற்று. பிடித்துக்கொண்டு நாலடி நடப்பார். படி இறங்க முடியாது.

லிஃப்ட் இருக்கிறது. போன மழைக்கு முந்தின மழையில் நின்றது; தரைத்தளத்தில் வாயைத் திறந்தபடி நிற்கிறது. உள்ளே யாரோ சைக்கிளும் வெங்காய மூட்டையும் வைத்திருக்கிறார்கள். வயதானவர்களை வைத்திருந்த மற்ற மேல்மாடிக் குடும்பங்கள் வந்த வாடகைக்கு வீட்டை விட்டுவிட்டு விக்ரோலிக்கும் கோபர்கைரனேக்கும் போய்விட்டன. பிரம்மநாயகத்துக்குப் போக இடமில்லை. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்காக நாலு பையன்கள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். பாதி வழியில் ஒருவனுக்குப் போன் வந்தது. படித்திருப்பத்தில் அவரை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசினான். திரும்பி வந்ததும் அவர் சொன்னார்: "இனி லிஃப்ட் ஓடுனா எறங்குவேன். இல்லன்னா பாடையிலதான்."

பத்துக் கட்டடத்தில் உட்கார்ந்தவள் தன் கட்டடத்தில் உட்கார்ந்ததே இல்லை. அங்கே கூட்டமே போட்டதில்லை. இந்த வருஷம்தான் புதிதாகச் செகரட்டரியான இசக்கிப்பாண்டி, சூட்கேஸ் ரிப்பேர் கடைக்காரன், ரோசம் வந்து புறப்பட்டான்.

"எக்கா, ஆளு பிடிக்கப்போறதில்ல. ஞாயித்துக்கிழம, நம்ம ஆளுவ மட்டும். லிஃப்டுதான் மொத விசயம். ஒங்களுக்கு என்ன குடுக்கணும்?"

"செருப்பால அடிப்பேன். நம்ம கோலி காரியத்துக்கு எவளாவது துட்டு வாங்குவாளால?" கோலி என்றால் இந்த ஊரில் வீடு.

அன்றைக்குப் பூமாரி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். முந்தானை தோளில்தான் இருந்தது. முகம் முழுவதும் வெளியே. கல்யாணப் போட்டோவில் முறைத்துக்கொண்டு நிற்பவள், அன்று கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்கு ஒரு பெண் உண்மையாகவே வந்திருந்தாள். ஒரு பிள்ளை உண்மையாகவே அழுதது.

வார்டு ஆபீசில் புதிதாக ஓர் அம்மாள் வந்திருந்தார். இளவயது, நேர்மையானவர். அதுவரை யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார்: போட்டோக்களைப் பார்த்தார். ஒரு முழு முகம் கையில் கிடைத்த பிறகு பாதி முகங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமா? மேசை முழுக்கப் பரப்பி வைத்துக் கேட்டாராம்: "இந்தப் பெண்மணி பதினோரு கட்டடத்திலா குடியிருக்கிறார்?"

பழைய பத்தைத் தோண்டினால் கையெழுத்துப் போட்ட பழைய கைகளும் சேர்ந்து வெளியே வரும். ஆகவே பத்தும் மூடியபடியே இருந்தன. மேசைமேல் அப்போது இருந்த பதினோராவதை மட்டும் 'போலிக் கூட்டம்' என்று எழுதித் திருப்பிவிட்டார்கள்.

பூமாரி கரண்டு பில்லையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். அவளுடைய இந்தி அவளுக்கே பாதிதான் புரியும். "மேடம், தஸ் ஜூட். ஏக் சச்" என்று விரல்களை விரித்துக் காட்டினாள். பத்து பொய், ஒன்று நிஜம். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், பொறுமையாகக் கேட்டார். பேரை மட்டும் கேட்கவில்லை, கொண்டுபோன கார்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு ஒரு வெள்ளைக் காகிதத்தை நகர்த்தி, "அந்தப் பத்தும் பொய் என்று எழுதிக் கொடுங்கள். உங்கள் கட்டடத்துக்கு இன்றே கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

பூமாரி தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

"எழுதிக் குடுத்துட்டு வரவேண்டியதுதானே?" என்றேன். மூன்றாவது மாடிக்கு மேல் குடியிருந்தறியாத வாய், எதையும் சொல்லும்.

"எப்படி மாமி எழுத? பத்து பில்டிங்குக்கும் துட்டு நின்னுரும். பம்பு ஓடாது. அங்கயும் எங்க வீட்டு ஆளு மாதிரி எத்தன பேரு மேல கெடக்காவளோ? கூட உக்காந்தவளுவளும் என்னப் பாத்து மண்ண வாரித் தூத்துவாளுவ."

இசக்கிப்பாண்டி விடவில்லை. ஆபீசில் போய் மன்றாடி மறுகூட்டத்துக்கு நாள் வாங்கினான். அந்த அம்மாளே நேரில் வந்து நடத்துவதாக ஒப்புக்கொண்டார். இதைச் சொல்ல அவன் ஒன்பது மாடி ஏறி வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

"எக்கா, கோவிச்சுக்கிடாதீய. நீங்க மட்டும் கீழ வராதீய. அந்த மேடம் ஒங்க மூஞ்சியப் பாத்தா எல்லாம் போச்சி."

"சரி. அப்பம் தொள்ளாயிரத்து நாலுக்கு யாரு?"

அவன் சுவரைப் பார்த்தான். "ஆளு... பாக்கணும்."

பூமாரி சிரித்த சிரிப்பு தாதர் ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். "ஏலே, எனக்கு நானே ஆளு பிடிக்கணுமாக்கும்!"

பிடித்தாள். விஜயராணிக்குப் போன் போட்டாள். அவள் வழக்கமாக வாங்குவதைத் தன் மடியிலிருந்தே கொடுத்தாள். "பேரு கேட்டா பூமாரி. கோலி நம்பர் தொள்ளாயிரத்து நாலு. வேற வாயத் தொறக்காதட்டி" என்று சொல்லிக்கொடுத்தாள்.

கூட்டத்தன்று விஜயராணியோடு நானும் போனேன். அவள் கீழே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நான் முதல் மாடித் திருப்பத்தில், ஓட்டை ஓட்டையான சிமெண்டு ஜாலியின் பின்னால் ஒளிந்து நின்ற பூமாரியோடு நின்றுகொண்டேன். முற்றம் முழுவதும் அங்கிருந்து தெரியும்.

"மூணாவது வரிசை சரியில்ல" என்று முணுமுணுத்தாள். "சொந்தக் காரியத்துக்கு வந்தவளுவன்னா இப்படித்தான். ஒருத்திக்கும் உக்காரத் தெரியல."

ஆபீசர் அம்மாள் இந்தியில் நிதானமாகச் சொன்னார். பணம் ஒரு வேலைக்குத்தான் வரும். மேல்மாடியில் நடக்க முடியாதவர்கள் யாராவது இருந்தால் லிஃப்டுக்கு முதலிடம். இல்லையென்றால் வாசலுக்கு இரும்புக் கதவும் அலங்கார வளைவும். கவுன்சிலரின் விருப்பமும் அதுதான். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். கீழ்மாடிகள் முடிந்தன. மேல்மாடிகளில் புதிதாகக் குடிவந்த இளவட்டங்கள் "நஹி, நஹி" என்றன.

"தொள்ளாயிரத்து நாலு. பூமாரி?"

விஜயராணி எழுந்தாள். பக்கத்தில் பூமாரி சட்டென்று நிமிர்ந்து நின்றதை நான் பார்த்தேன்.

"உங்கள் வீட்டில் யாராவது உண்டா அம்மா, இறங்க முடியாதவர்கள்?"

கூலிக்கு உட்காருகிறவளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: குறை சொன்னால் கூட்டம் நீளும். போதாததற்கு, வாயைத் திறக்காதே என்று சொன்ன பூமாரி, அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவைக்கவில்லை. விஜயராணி அந்த ஒன்பது மாடி ஏறியதும் இல்லை. விஜயராணி பளிச்சென்று சிரித்தாள்.

"கோயி நஹி மேடம். சப் டீக் ஹை!"

யாரும் இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது. முற்றத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் பிரம்மநாயகத்தைத் தெரியும். நாற்காலியைத் தூக்கிய பையன்கள் அங்கேதான் இருந்தார்கள். இசக்கிப்பாண்டி எழுந்தான். அந்த ஆள் இருக்கிறார் என்று சொன்னால், இல்லை என்ற இந்தப் பெண் யார் என்று கேள்வி வரும். சட்டைப்பையைத் தடவினான், உட்கார்ந்தான். முழுக் கட்டடமும் தரையைப் பார்த்தது.

ஜாலியின் ஓட்டைகளுக்குள் பூமாரியின் விரல்கள் நுழைந்திருந்தன.

"கத்தேன்டி" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "மேலே ஆள் இருக்கார்னு கத்தேன்!"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"கத்துனா நான் யாரு மாமி?"

வளைவு ஏகமனதாக நிறைவேறியது. ஆபீசர் அம்மாளுக்குச் சந்தோஷம். இந்த வட்டாரத்திலேயே இதுதான் ஒழுங்காக நடந்த கூட்டம் என்று பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். விஜயராணிதான் பலமாகத் தட்டினாள்.

பூமாரி படியேறத் தொடங்கினாள். அவளைத் தனியாக விட மனசில்லாமல் நானும் பின்னால் ஏறினேன். ஐந்தாவது மாடியில் என் வீட்டுக்காரர் எதிரே வந்தார். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. "இப்பவே என்ன அவசரம்?" என்று கேட்டார். அப்புறம் வரேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு மேலே போனேன்.

கதவு திறந்திருந்தது. பிரம்மநாயகம் வாசற்படிக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்துப் பித்தான்வரை போட்டிருந்தார். காலில் செருப்பு.

"கைதட்டுன சத்தம் இங்கவர கேட்டுது" என்றார். "லிஃப்டு கெடச்சிட்டாட்டி?"

"கெடச்சிட்டு."

சொல்லிவிட்டுப் பூமாரி அவர் முன்னால் மண்டியிட்டு, கழுத்திலிருந்து தொடங்கி, அந்தச் சட்டையின் பித்தான்களைக் கழற்றினாள்.