மஞ்சள் தண்ணீர் ஊற்றிய பானைகள்

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. திருப்பத்தூரில் புதூர்நாட்டு மலைக்குப் போகும் ஜீப் ஆள் சேரும்வரை நகராது. நான் உள்ளே உட்கார்வதும் வெளியே இறங்குவதுமாக இருப்பேன். "இன்னும் எவ்ளோ நேரங்க?" என்று கேட்டால் டிரைவர் வாயிலிருந்து பீடியை எடுக்காமலே சொல்வார்: "ஆளு சேந்தா எடுத்துர்லாம்மா. சும்மா குந்து." ஒரு பை நிறையச் சேற்றையும் மல்டிமீட்டரையும் மடியில் வைத்துக்கொண்டு நான் பல்லைக் கடிப்பேன்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் ஆராய்ச்சியும் அந்த ஜீப் மாதிரிதான். குளத்துச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் எச்சில் கழுநீரைத் தின்றுவிட்டு மின்சாரத்தை வெளியே தள்ளும். ஒரு பானையில் சேற்றை நிரப்பி, அதற்குள் கார்பன் துணி ஒன்றைப் புதைத்து, மேலே தண்ணீரில் இன்னொரு துணியை மிதக்கவிட்டு, இரண்டையும் கம்பியால் இணைத்தால் மீட்டரில் எண் வரும். ஆனால் தனித்தனியாகத் திரியும்போது அவற்றால் பெரிதாக எதுவும் ஆகாது. ஒவ்வொன்றும் ஒரு ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அது சுற்றிலும் போதிய அளவு சேர்ந்த பிறகுதான் 'நாம் நிறையப் பேர் இருக்கிறோம்' என்று அவற்றுக்குத் தெரியும். அதன் பிறகே துணியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வேலையை ஆரம்பிக்கும். அதுதான் அவற்றின் பேச்சு. அந்தப் பேச்சு முடியும்வரை நான் சும்மா குந்தவேண்டும்.

பானைகளை வைக்க இடம் கொடுத்தது மலைமேல் ஒரு குக்கிராமத்தில் சாமை விதைக்கும் ஒரு அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வரிசையாகப் பானைகளைப் புதைக்கவிட்டாள். சாமை களைந்த தண்ணீரைத் தினமும் ஊற்றுகிறேன் என்று அவளே ஏற்றுக்கொண்டாள். முதல் நாளே என்னை உரிமையோடு திட்ட ஆரம்பித்துவிட்டாள். "இன்னாடி இது, வந்ததும் வராததுமா சேத்துல கையி வுட்டுக்கினு. மொதல்ல வூட்டுக்குள்ள வந்து கூழு குடி." என் சொந்தச் சித்தி என்னை 'டி' போட்டால் எனக்கு மூக்குமேல் கோபம் வரும். அக்கா சொன்னபோது வரவில்லை.

அவளிடம் நான் எதையும் மறைக்கவில்லை. கல்லூரியிலிருந்து ஆய்வுக்குழு வந்து பார்க்கும், பானை மின்சாரத்தில் கொட்டகையில் ஒரு சின்ன விளக்காவது எரிந்தால்தான் என் ஆராய்ச்சிப் பணியை நீட்டிப்பார்கள், இல்லையென்றால் சொந்த ஊரான ஒடுகத்தூரில் டியூஷன் எடுக்கப் போகவேண்டியதுதான் என்று ஒருநாள் கூழ் குடித்துக்கொண்டே புலம்பினேன். அவள் என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கூழை ஊற்றினாள்.

விளக்கு எரியவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் துள்ளிக்கொண்டு ஏறிய எண் இங்கே படுத்த மாடுபோல எழுந்திருக்க மாட்டேன் என்றது. வாராவாரம் மலையேறி மீட்டரை வைத்துப் பார்ப்பேன். மலைக்குளிர் காரணமோ என்று சாக்குச் சுற்றினேன். கம்பியை மாற்றினேன். பக்கத்துவீட்டு ஆடுகள் இழுத்திருக்குமோ என்று ஆடுகளையும் சந்தேகப்பட்டேன். ராத்திரி படுத்தால் மீட்டர் எண்தான் கண்ணில் நிற்கும். வீட்டில் யார் என்ன கேட்டாலும் வள்ளென்று விழுந்தேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

ஒரு துளிச் சேற்றையும் கார்பன் துணியில் ஒரு துண்டையும் கொண்டுபோய் நுண்ணோக்கியில் பார்த்தேன். அங்கேதான் குழப்பமே. அவை சாகவில்லை. நிறையவே இருந்தன, உயிரோடு நீந்தின. ஆனால் துணியில் ஒன்றுகூட உருப்படியாக ஒட்டவில்லை. பெரிய கல்யாண மண்டபத்தில் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் பங்காளிகளைப்போல இருந்தன. என் வழிகாட்டியிடம் போனில் சொன்னேன். "உயிரோட இருந்தும் சேரலன்னா, அதுங்க பேசறதை ஏதோ ஒண்ணு தடுக்குது. அது இன்னான்னு பாரும்மா" என்று வைத்துவிட்டார். என்ன என்று பார்க்கத்தானே நான் தவிக்கிறேன்!

அடுத்த வெள்ளிக்கிழமை அதிசயமாக ஜீப் சீக்கிரம் நிறைந்துவிட்டது. வழக்கத்தைவிட முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன். கொட்டகைக்குப் பின்னால் அக்கா ஈரத்தலையோடு நின்றிருந்தாள். சூடம் எரிந்துகொண்டிருந்தது. கையில் சொம்பு. பானை பானையாகக் கெட்டியான மஞ்சள் தண்ணீரை உள்ளே ஊற்றிக்கொண்டு வந்தாள்.

பானை விளிம்பில் மஞ்சளும் குங்குமமும் இருந்தது நான் முன்பே பார்த்ததுதான். அழகாக இருக்கிறதென்று போட்டோகூட எடுத்திருந்தேன். விளிம்போடு நின்றது என்று நினைத்திருந்தேன். சேற்றுத் தண்ணீரில் மஞ்சள் நிறம் எங்கே தெரியப்போகிறது?

"ஐயோ அக்கா, இன்னா பண்றீங்க!" என்று கத்திவிட்டேன். சொம்பு அவள் கையிலிருந்து நழுவியது.

"இன்னாடி ஆச்சி? மாடு வாங்கினாலும் ஏரு பூட்னாலும் மஞ்சத்தண்ணி வுடாம நாங்க எதையும் தொட மாட்டோம். இது வூட்டுக்கு வந்ததுலர்ந்து வாராவாரம் வுடறேன்."

மஞ்சள் அவற்றைக் கொல்லவில்லை, அவை வெளியே விடும் ரசாயனம் ஒன்றுக்கொன்று போய்ச் சேராமல் குறுக்கே நிற்கிறது என்று எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். அவள் பானைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இத்தினி நாளா அதுங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கவே இல்லியா?"

"இல்லக்கா."

"உன் வேல நெலைக்கணும்னுதான்டி வேண்டிக்கினு ஊத்தினேன்" என்றாள். எனக்குக் கோபப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. பானை வரிசையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன்.

மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து ஆய்வுக்குழுவின் வருகை தள்ளிப்போனது என் அதிர்ஷ்டம். பாதிப் பானைகளைக் கொட்டிவிட்டுப் புதுச் சேறு நிரப்பினேன். மீதியை மஞ்சளோடு அப்படியே விட்டேன். மஞ்சள்தான் காரணம் என்று காட்ட இரண்டும் வேண்டும். புதுப் பானைகளில் எண் முதலில் அசையவே இல்லை. பிறகு ஒரு வாரம் மெதுவாக, அதன் பிறகு விறுவிறுவென்று ஏறியது. கொட்டகையில் கடுகளவு விளக்கு மினுக்கியபோது அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள். "எரியுதுடி!"

குழுவினர் வந்தார்கள். இரண்டு வரிசைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். சொல்லாமல் இருக்கவும் முடியாது, அதுதானே என் முடிவு. ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "பாக்டீரியாவுக்கே பூஜையா!" என்றார் ஒருவர். இன்னொருவர் அக்காவைச் சொம்போடு பானைப் பக்கத்தில் நிற்கச்சொல்லிப் படம் எடுத்தார். "இந்தம்மாதான் கெடுத்தது, இந்தம்மாவாலதான் ரிசல்ட்டும் வந்தது" என்று அவளுக்கும் புரியும்படி தமிழிலேயே பாராட்டினார். நான் சிரிக்கவில்லை. ஆனால் சிரித்தவர்கள் எல்லோரும் என்னோடு வந்தவர்கள். அக்கா தரையைப் பார்த்தபடி சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பணி நீட்டிப்பு கிடைத்துவிட்டது. உத்தரவு கைக்கு வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருப்பத்தூரில் இனிப்பு வாங்கிக்கொண்டு மலையேறினேன். ஜீப்பில் வழியெல்லாம் அவள் என்ன சொல்லித் திட்டுவாள் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

பானைகளைச் சுற்றி மூங்கில் குச்சிகளை நட்டு முள்வேலி போட்டிருந்தாள். விளிம்புகள் துடைத்துச் சுத்தமாக இருந்தன. அவள் வேலிக்கு வெளியே, மாட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"யாரும் கிட்ட போறதில்லீங்க மேடம். நானும் போறதில்ல. கழனித்தண்ணி மட்டும் தூர நின்னு ஊத்திர்றேன்."

"அக்கா, நான்தான்."

"தெரியுதுங்க மேடம். குந்துங்க, டீ போடறேன்."

இனிப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் வேலியைத் தள்ளிக்கொண்டு போய்க் கம்பியில் மீட்டரை வைத்தேன். அவ்வளவு பெரிய எண் அதற்கு முன்னால் வந்ததே இல்லை.