கமலா டீச்சருக்குக் கிடைக்காத பூ

மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். தோட்டத்து லோரி ஓட்டும் முனியாண்டி வாசலில் வந்து நின்றார். "டீச்சர், கமலா டீச்சர் போயிட்டாங்க லா" என்றார். மஞ்சள் காமாலை என்று கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோதுகூட, "என் வகுப்புப் பிள்ளைங்கள நீங்க அடிக்காதீங்க, நானே வந்து அடிச்சிக்கிறேன்" என்று சிரித்தாரே!

ஈஜோக் பக்கத்தில் எங்கள் தோட்டப் பள்ளியை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? மலேசிய ராணுவத்திலிருந்த அவர் கணவர் தாய்லாந்து எல்லைக் காட்டில் கண்ணிவெடியில் இறந்தது உங்களுக்குத் தெரியும். பூ விஷயம் பலருக்குத் தெரியாது.

ஜூலைக் கடைசியில் வீரர் தினத்துக்குச் சிவப்புக் காகிதப் பூக்கள் வரும். நாட்டுக்காக உயிர்விட்டவர்களை நினைத்து நெஞ்சில் குத்திக்கொள்வோம். கமலா எங்கள் பள்ளிக்கு வந்த முதல் ஆண்டு, தலைமையாசிரியர் தட்டோடு ஒவ்வொருவரிடமும் வந்தார். எனக்குக் கொடுத்தார், தோட்டக்காரருக்கும் கொடுத்தார். கமலாவிடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போய்விட்டார். தாலியறுத்தவரிடம் பூவை நீட்டினால் மனம் நோகுமே என்று நினைத்திருக்கிறார். நல்ல மனிதர்தான், அவரை என்னவென்று திட்டுவது! அந்தக் கூட்டத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர் கமலா ஒருவர்தான். பூ இல்லாமல் நின்றவரும் அவர்தான்.

"ஊரே அவருக்காகப் பூ குத்திக்குது. நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன் டீச்சர்?" என்று பிற்பாடு கேட்டார்.

அடுத்த ஆண்டு அவரே தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் குத்திக்கொண்டார். முகமே தெளிந்துவிட்டது. அன்று இருவரும் சேர்ந்துதான் லயத்து வீடுகளுக்கு நடந்தோம். வாசலில் நின்ற கமலாவின் மாமியார் பாப்பாத்தியம்மா அதைப் பார்த்துவிட்டார். "எம்மவனத் தின்னுட்டுப் பூ கேக்குதா ஒனக்கு?" என்று பிய்த்து எறிந்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். நான் யார் பக்கம் பேசுவது?

"அத்தமேல எனக்குக் கோவம் இல்ல. அவங்களுக்கும் அவருதானே போனாரு" என்றார் கமலா. அதற்குப் பிறகு அவர் பூவைத் தொடவில்லை. வீரர் தினத்தன்று லீவு போட்டுவிடுவார்.

சாவு வீட்டுக்கு நான் போனபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். பாப்பாத்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் காயிதப் பூ ஒன்னு கெடைக்குமா டீச்சர்? குத்தி அனுப்பிடறேன். அங்க எம்மவன் கேப்பான்ல?"

மார்ச் மாதத்தில் அதற்கு எங்கே போவேன்? பள்ளி அலமாரியெல்லாம் குடைந்தேன். முனியாண்டியின் லோரியில் கோலா சிலாங்கூருக்கு ஓடிக் கடை கடையாகக் கேட்டேன். எல்லோரும் கையை விரித்தார்கள். திரும்பி வந்து, மனசு கேட்காமல், வேலியிலிருந்த செம்பருத்தியைப் பறித்து நீட்டினேன். கிழவி தலையை ஆட்டினார். "இது தலையில வைக்கிற பூம்மா. இத எப்படிம்மா அவளுக்கு?" என்று விம்மினார். அதற்குள் வெளியே ஆண்கள் அவசரப்படுத்தினார்கள்.

தூக்குவதற்கு முன் அவர் குனிந்து, மருமகளின் சேலையில் இடப்பக்கம் ஓர் இடத்தை விரலால் நீவிவிட்டார். "இங்கதானே டீச்சர் குத்துவீங்க?" என்று கேட்டார். "ஆமாம்மா, அங்கதான்" என்றேன்.

கமலாவின் புகைப்படம்கூட என்னிடம் இல்லை. கிழவி விரலால் நீவிய அந்த வெற்று இடத்தைத்தான் நினைவாக வைத்திருக்கிறேன்.